நாற்பத்தொரு நாள் கூரை

“அக்கா, நம்ம வீட்டைக் கட்டியிருக்கேன். வந்து பாரேன்” என்றாள் தங்கை, போனில்.

“எந்த வீட்டை?”

“வெள்ளம் வந்தப்ப ஸ்கூல் மைதானத்துல இருந்தோமே, அதை.”

“அது வீடாடி? நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும்.”

“கண்காட்சில ஒரு ஹால் முழுக்க அதான். ஜனம் வரிசைல நின்னு உள்ள போய் உக்காந்துட்டு வருது.”

“சும்மாவா உக்கார்றாங்க?”

“சும்மாதான். சிலர் அழறாங்கக்கா.”

“நீயேவா கட்டின?”

“ரெண்டு மாசமாச்சு, தெரியுமா?”

‘எனக்கு அரை நாள்தான் ஆச்சு’ என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. “ஞாயித்துக்கிழமை வரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா லாரிகளுக்கும் கடை முகப்புகளுக்கும் தார்ப்பாய் தைப்பவள். பட்டறையில் பேரே தார்ப்பாய்க்கா. இருபது வருஷமாக ஊரார் சரக்கை நனையாமல் காத்தவளை ஒருவரும் போட்டோ எடுத்ததில்லை. தங்கையின் படம் வந்த பத்திரிகையைப் பட்டறைக்காரர் கொண்டுவந்து காட்டியபோது, “நல்லாத்தான் இருக்கா” என்றாள். அன்று மட்டும் மூன்று ஊசிகளை உடைத்தாள்.

வெள்ளத்தின்போது அவளுக்குப் பதின்மூன்று, தங்கைக்கு நாலு. அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அப்பா அக்கரையில் மாட்டிக்கொண்டார். கூரையைக் கட்டியது, காற்று பிய்த்தபோதெல்லாம் நனைந்தபடி மறுபடி கட்டியது, எல்லாம் இவள்தான். சின்னவள் நாற்பத்தொரு நாளும் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். படுத்துக் கிடந்தவளுக்குக் கைதட்டல்!

ஞாயிறு காலை, கண்காட்சி திறக்கும் முன்பே போய்விட்டாள். “மேடத்துக்கு நீங்க என்ன வேணும்? அவங்க ஜாடை அப்படியே இருக்கே” என்று காவலாளி உள்ளே விட்டார். மூத்தவள் இவள், ஜாடைகூட அவளுடையதாகிவிட்டது.

சுவரில் ஒட்டியிருந்த குறிப்பை இரண்டு தரம் படித்தாள். ‘நாங்கள் அங்கே தங்கினோம்’ என்றிருந்தது. அந்த ‘நாங்கள்’ என்பதற்குள் தான் எங்கே நசுங்கிக் கிடக்கிறோம் என்று தேடிப் பார்த்தாள்.

கூரையின் மூலைகளில் பளபளவென்று பித்தளை வளையம் அடித்து, வெள்ளைக் கயிறு கோத்திருந்தது. அன்று ஏது வளையம்? கிழிந்த மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, தார்ப்பாயை அதன்மேல் சுருட்டி, கல்லின் கழுத்தில் கயிற்றை இறுக்கியிருந்தாள். எந்தக் காற்றுக்கும் கயிறு நழுவாது. யாரும் சொல்லித் தராமல் அவளுக்கே தோன்றிய வித்தை.

வாசல் பூந்தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, ஒரு மூலையை அவிழ்த்துக் கட்டினாள். முடிச்சை இறுக்கும்போது தங்கை வந்துவிட்டாள்.

“என்னக்கா பண்ற?”

“தப்பாக் கட்டியிருக்க. ஒரு மழைக்குத் தாங்காது.”

“ஹாலுக்குள்ள ஏது மழை?”

“அப்ப இது நம்ம வீடு இல்ல.”

தங்கை உள்ளே போய் அந்த மூலைக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். கல்லைச் சுற்றித் தார்ப்பாய் கதிர்கதிராகச் சுருங்கியிருந்தது.

“இதான்க்கா! சூரியன் மாதிரி ஒண்ணு மேல தெரியுமே... ரெண்டு மாசமா இதைத்தான் தேடினேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல.”

அக்காவுக்கு அது புதுச் செய்தி. அந்த நாட்களில் ஒரு பொழுதுகூட அவள் மல்லாந்து படுத்ததில்லை. தான் கட்டிய கூரையில் ஒரு சூரியன் இருந்ததாம். அதையும் சின்னவளே பார்த்திருக்கிறாள்.

இனியாவது அந்தக் குறிப்பில் தனக்கென்று ஒரு வரி சேர்ப்பாள் என்று காத்து நின்றாள்.

தங்கை எழுந்து, கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, மிச்ச மூணு மூலையையும் இப்படியே கட்டிக் குடுத்துடேன்” என்றாள். “ஆனா ஜனம் வர்றதுக்குள்ள.”