பிளக் மூடிக்குள் ஒரு ரப்பர் துண்டு: திருவண்ணாமலையில் வண்டி கிளம்பாத காலை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போளூர் வழியாக எண்பத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். நானே பைக் ஓட்டிக்கொண்டு, கணவரைப் பின்னால் உட்கார வைத்துப் போக வேண்டும் என்பது ஒரு வருட ஆசை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. பௌர்ணமி இல்லாத வாரமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். திட்டம் எளிமையானது: காலையில் தரிசனம், பிறகு சாத்தனூர் அணை, சாயங்காலம் வீடு. சாத்தனூரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். போளூரில் ஒரு டீ. ஏழு மணிக்குள் ஊருக்குள் வந்துவிட்டோம். கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு காலி மனையில் தனியார் பார்க்கிங். பைக்குக்கு முப்பது ரூபாய். சீட்டுக் கிழித்தவர், "சைட் லாக் போடாதீங்க மேடம், கூட்டம் ஜாஸ்தியாச்சுன்னா வண்டியை நகர்த்தணும்" என்றார். சரியென்று போடாமல் விட்டேன். இதை நினைவில் வையுங்கள்: அப்படிச் சொல்லும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

தரிசனத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் கம்மி. இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு எட்டே முக்காலுக்கு வண்டிக்கு வந்தோம். பட்டனை அழுத்தினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அதே சத்தம்தான்.

"போன வாரம்தான சர்வீஸ் விட்ட?" என்றார் என் கணவர் சேகர். இந்த மாதிரி நேரத்தில் இந்த மாதிரிக் கேள்வி கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அதற்குள் ஒருவர் ஸ்பேனர் பையோடு பக்கத்தில் வந்து நின்றார். நாங்கள் யாரையும் கூப்பிடவே இல்லை. "இன்னாச்சு மேடம்? நான் மெக்கானிக்தான். நகருங்க, பார்க்கிறேன்" என்றார். வண்டியைத் தொடாமலே, "டைமிங் செயின் போயிடுச்சு. என்ஜினைப் பிரிக்கணும்" என்றும் சொல்லிவிட்டார். காது வைத்துக் கேட்கக்கூட இல்லை!

"நானே பார்த்துக்கிறேன்" என்றேன்.

"லேடீஸ் இதெல்லாம் கை வெச்சா வேலை ஜாஸ்தியாயிடும் மேடம்."

அந்த ஒரு வாக்கியம் போதும். சேகர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

வண்டி கிளம்பாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளுங்கள், பதற்றம் பாதி குறையும். முதலில் ஹேண்டிலில் இருக்கும், என்ஜினை அணைக்கும் சிவப்பு ஸ்விட்ச். யாராவது தட்டி விட்டிருப்பார்கள். என் வண்டியில் சரியாகத்தான் இருந்தது. சைட் ஸ்டாண்டை எடுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தேன். ஹாரன் கணீரென்று அடித்தது, மோட்டாரும் வேகமாகவே சுற்றுகிறது, ஆகவே பேட்டரியில் குறையில்லை. பெட்ரோல் பாதி டேங்க். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி "ஊங்" என்று முனகியது. அதுவும் வேலை செய்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது நெருப்புப்பொறி. பிளக்கின் மேல் தொப்பி மாதிரி ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதன் வழியாகத்தான் மின்சாரம் வரும். பார்வைக்கு ஒழுங்காக மாட்டித்தான் இருந்தது. பிடித்து இழுத்தேன். வழக்கமாக மல்லுக்கட்ட வேண்டும். இது சுலபமாகக் கையோடு வந்தது.

மூடிக்குள் சுண்டு விரலை விட்டேன். உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய சின்ன ரப்பர் துண்டு. ஓரம் நேராக, கத்திரிக்கோலால் வெட்டியது. ரப்பர் நடுவில் இருந்தால் பிளக்குக்கு மின்சாரம் போகாது.

அதை உள்ளங்கையில் வைத்து மெக்கானிக்கிடம் நீட்டினேன். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"எலி கிலி கொண்டாந்து வெச்சிருக்கும் மேடம்."

"எலி கத்திரிக்கோல் வெச்சு வெட்டுமா?"

மூடியை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. சீட்டுக் கிழித்தவர் வாசலிலிருந்தே, "அதான் கிளம்பிடுச்சுல்ல, காலங்காத்தால எதுக்கு சத்தம்?" என்றார். சேகரும், "விடு, போலாம்" என்றார். போயிருப்பேன். அப்போதுதான் மனையின் மூலையில் நின்ற அந்தத் தம்பதியைக் கவனித்தேன்.

பட்டு வேட்டியில் ஒருவர், பட்டுப் புடவையில் ஒரு பெண். அவர்கள் முன்னால் ஒரு பழைய நூறு சிசி வண்டி. அதன் என்ஜினின் தலைப்பாகம் கழற்றப்பட்டு, ஒரு தட்டில் கறுப்பு எண்ணெயோடு கிடந்தது. அந்தப் பெண் புடவைத் தலைப்பால் ஒரு சின்னப் பையை மூடி நெஞ்சோடு பிடித்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

பெயர் தேவகி. கணவர் ஏழுமலை. செங்கத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் தேவகியின் தம்பிக்கு அன்றைக்குக் கல்யாணம். தாலியைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கிப் போக விடியற்காலையில் வந்திருக்கிறார்கள். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள். தாலி அந்தப் பையில்.

"எட்டு மணிலேருந்து நிக்கிறோம்க்கா. பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னே சொல்லினு இருக்காரு அந்த மெக்கானிக்கு. கார் கேட்டோம், முகூர்த்த நாளு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. மூணாவது முடிச்சு நான்தான் போடணும். எங்கம்மா போன் மேல போன் போட்டு அழுவுது" என்றார் தேவகி.

நான் ஏழுமலையிடம் ரப்பர் துண்டைக் காட்டினேன். அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "எங்க வண்டியிலயும் அந்த மூடியைக் கழட்டினதும் கறுப்பா ஏதோ எடுத்து பாக்கெட்ல போட்டுக்கினாரு. நான் தூசுன்னு நெனச்சேன்."

சேகர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. மெக்கானிக்கிடம் போய், குரலை உயர்த்தாமல், "பாக்கெட்டைக் காட்டுப்பா" என்றார். அவர் காட்டவில்லை. சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. தாலியோடு நிற்கிற பெண்ணைப் பார்த்த பிறகும் என்ஜினைப் பிரிக்க எப்படிக் கை வந்தது? நான் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஆனால் மணி ஒன்பதரை ஆகிவிட்டது. கத்தினால் கல்யாணம் நடக்காது.

பஸ் செங்கத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து உள்ளே இன்னும் ஆறு கிலோமீட்டர். ஆட்டோ போய்ச் சேர முகூர்த்தமே முடிந்துவிடும். சேகரின் ஹெல்மெட்டைக் கழற்றித் தேவகி தலையில், மல்லிகைப்பூ நசுங்க நசுங்க, மாட்டினேன். "ஏங்க, நீங்க இங்கயே இருங்க. இவங்க வண்டியை மாட்டி முடிக்கிற வரைக்கும் நகராதீங்க." சேகர் தலையாட்டினார். பிரித்துப் போட்ட வண்டியை விட்டுவிட்டு வர ஏழுமலைக்கும் மனசில்லை.

ஊரைவிட்டு வெளியேறுவதற்குள் உயிர் போய்விட்டது. ரமணாசிரமம் பக்கம் வண்டிகளும் நடப்பவர்களும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் செங்கம் சாலை நன்றாகவே இருக்கிறது, அறுபதில் போகலாம். நான் அதைவிடக் கொஞ்சம் கூடவே போனேன். தேவகி ஒரு கையால் என் இடுப்பையும் இன்னொரு கையால் பையையும் பிடித்திருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் "முருகா, முருகா" என்றார்.

பந்தல் வாசலில் நிறுத்தியபோது மணி பத்து நாற்பத்தைந்து. மேளக்காரர்கள் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தேவகியின் அம்மா ஓடிவந்து முதலில் பையை வாங்கினார், பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டார். தேவகி ஹெல்மெட்டோடே மணமேடைப் பக்கம் ஓட, யாரோ பின்னாலேயே ஓடி அதைக் கழற்றினார்கள். தாலி கட்டும்போது நான் பந்தலின் கடைசியில் நின்றேன். மூன்றாவது முடிச்சைப் போடத் தேவகி குனிந்தபோது, எனக்கும் கண் கலங்கிவிட்டது. சாப்பிடாமல் அனுப்பமாட்டோம் என்று இலை போட்டு உட்கார வைத்தார்கள். பந்தியில் எல்லோரும் ஏழுமலை எங்கே என்று கேட்டார்கள். மச்சானின் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக் கிளம்பிய மனிதர் எண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று எப்படிச் சொல்வது? தேவகி அழுதுகொண்டே சொன்னார்.

ஒன்றரை மணிக்குத் திரும்பினேன். சேகர் பார்க்கிங் வாசலில் வெயிலில் நின்றிருந்தார். நான் போனதிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாராம். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, காலையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். சீட்டுக் கிழித்தவர் மிரட்டியிருக்கிறார், பிறகு கெஞ்சியிருக்கிறார். கடைசியில் மெக்கானிக் அவசர அவசரமாக என்ஜினை மாட்டி, காசு வாங்காமல் அனுப்பிவைத்தாராம். ஏழுமலை அப்போதுதான் கிளம்பியிருந்தார், பந்தல் பிரிப்பதற்காவது போய்ச் சேரலாம் என்று.

வண்டியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தங்கும் விடுதி எடுத்தால் அதன் வளாகத்திலேயே வண்டியை விட்டு நடந்து போங்கள். இல்லாவிட்டால் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், சைட் லாக் போட்டு நிறுத்துங்கள்; பூட்டிய வண்டியை ஒதுக்குப்புறமாகத் தள்ளிப் போய்க் கை வைப்பது கஷ்டம். கிளம்பவில்லையென்றால், கூப்பிடாமல் வந்து நிற்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நான் சொன்ன வரிசையில் நீங்களே பாருங்கள், பிளக் மூடியை மறக்காமல் கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது என்ஜின் சூடாக இருக்கக் கூடாது, சாவியை ஆஃப் செய்திருக்க வேண்டும். அந்த ஊரில் ஒழுங்கான மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுதியிலோ டீக்கடையிலோ விசாரித்தால் சொல்வார்கள்.

நல்லபடியாக முடிந்ததே, இன்னும் எதற்குக் கோபம் என்று என் தங்கை கேட்டாள். போன வாரம் தேவகி பேசினார். கல்யாண ஆல்பம் வந்துவிட்டதாம், ஒரு படத்தில்கூட ஏழுமலை இல்லையாம். என்ஜின் இடுக்கில் ஆயில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டை மாற்றாமல் பழையதையே வைத்து மாட்டியதில் அவருடைய வண்டியில் இன்னும் ஆயில் ஒழுகுகிறதாம்.