தேன் தீத்திய மாமி

சிறுவயதில் நான் அம்மாவைவிட அதிகம் நேசித்தது, வாய்க்கால்கரையில் எங்களைப் பார்த்துக்கொண்ட மாமியைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து, இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே கொட்டில் போட்டிருந்த காலம் அது. எனக்கு ஆறு வயது. தம்பி தவழத் தொடங்கியிருந்தான்.

அம்மாவும் அயல் பெண்களும் களை பிடுங்கப் போகும்போது கைக்குழந்தைகளை மாமியிடம் விட்டுப் போவார்கள். மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. எங்களைப் போலவே எங்கிருந்தோ வந்து தனியாக இருந்தவர். காலையில் என் தலையை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, கனகாம்பரம் செருகிவிடுவார். கச்சான் கடலை வறுத்து என் சட்டைப் பைக்குள் கொட்டுவார். வாய்க்காலில் காலை விட்டு, மீன்குஞ்சுகள் வந்து கடிக்கும்வரை அசையாமல் இருக்கப் பழக்கியவரும் அவர்தான். கூச்சம் தாங்காமல் நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் என் காலில் இருக்கிறது.

மாமியிடம் விட்ட குழந்தைகள் அழுவதே இல்லை. சின்னக் கரண்டியால் தேன் தீத்திவிடுவார். சற்று நேரத்தில் எல்லாம் வரிசையாகத் தூங்கிவிடும். என்ன கைராசி என்று தாய்மார் வியந்தார்கள். மாரி தொடங்கியபோது ஒரு குழந்தை எழும்பவில்லை. பிறகு இன்னொன்று. வீட்டுக்கு வீடு மலேரியா, மருந்தும் கிடைக்காத நாட்கள். காய்ச்சல்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். இரண்டு செத்தவீட்டிலும் தாயைக் கட்டிப்பிடித்து அதிகம் அழுதவர் மாமி.

ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, அம்மா நேரத்தோடு வந்துவிட்டார். மாமி விறகெடுக்கப் போயிருந்தார். அம்மா தூக்கியபோது தம்பியின் தலை தோளில் துவண்டு விழுந்தது. என்ன சாப்பிட்டான் என்று என்னைக் கேட்டார்.

"மாமி தேன் தீத்தினவா. அழாமல் இருக்க வெள்ளைக் குளிசையும் நசிச்சுப் போட்டவா," என்றேன். மாமியின் கெட்டித்தனத்தைச் சொல்லுகிற பெருமைதான் எனக்கு.

அம்மா மழைக்குள் ஓடினார். அப்பா சைக்கிளில் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தம்பி பிழைத்தான்.

விசாரிக்க வந்தவர்களிடம் மாமி ஒன்றையும் மறைக்கவில்லையாம். அதிகம் அழுகிற பிள்ளைகளுக்கு அந்தத் தூக்க மாத்திரையைக் கூட்டிப் போட்டாராம். முதற்பிள்ளை இறந்த பிறகும் தெரிந்துகொண்டேதான் போட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அழுகையைக் கேக்க ஏலாது. இப்ப அதுகள் அழாதுகள்தானே," என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அப்பா சொல்லித் தெரிந்தவை. அன்று நான் கண்டது, மாமியை யாரோ கூட்டிக்கொண்டு போனதை மட்டுமே. போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் கத்தி அழுதேன்.

அதன்பின் அம்மா தம்பியை வயலுக்கே கொண்டுபோனார். மருதமரத்தில் சேலையால் ஏணை கட்டிக் கிடத்துவார். அவன் கண்ணயர்ந்ததும் சேற்றுக் கையோடு வரம்பால் ஓடிவந்து, அவன் துடையில் கிள்ளுவார். அவன் வீரிட்டு அழுவான். அதைக் கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். பிறகு மறுபடியும் வருவார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"மாமி ஒருநாளும் தம்பியை அழப்பண்ணேல்லை."

அம்மா அழுகிற தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை அப்படி அழும்போது ஒரு தாய்க்கு என்ன சிரிப்பு என்று விளங்காமல், நான் கோபித்துக்கொண்டு எட்டப் போய் வரம்பில் இருந்தேன்.