செவலைக்குக் கண் மூடியபோது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மேல்தோல் தைத்துவிட்டு வரும் பூவம்மாளுக்கு, வீட்டிலும் உட்கார நேரமில்லை. கணவர் கன்னியப்பன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது. அவள் வளர்க்கும் கோழிகளில் செவலை கட்டிலில் ஏறினால் மட்டும், அசைகிற இடக்கையால் தன் தட்டிலிருந்து சோற்றை எடுத்து நீட்டுவார். அது கொத்திய பிறகுதான் பூவம்மாள் ஊட்டும் சோற்றுக்கு அவரும் வாய் திறப்பார்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு கோழிகளின் கொண்டையில் கொப்புளம் எழும்பியது. அம்மை! பூவம்மாள் கூண்டில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, புகை போடக் கூடாது. கொசுவுக்காகத் தினமும் கூண்டருகே போடும் நொச்சிப் புகையையும் நிறுத்திவிட்டாள்.

"இன்னா பூவு, கோழிக்கும் ஆத்தாவா? அப்போ நானும் பிரியாணி தாளிக்கக் கூடாதா?" என்று வேலிக்கு மேல் சிரித்தாள் பக்கத்து வீட்டு சுகரா பேகம்.

"சிரிக்காதக்கா. எனக்கே பேஜாரா இருக்கு."

அம்மை எல்லாக் கோழிக்கும் பரவியது. தொண்டையில் புண் வந்த கோழிகள் மூச்சு முட்டிச் செத்தன. செவலையின் இரு கண்களையும் பொருக்கு மூடியது. கட்டிலுக்கு வழி தெரியாமல் மூலையில் ஒடுங்கி நின்றது. கன்னியப்பன் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். மறுநாளும் தள்ளினார்.

சுகரா பேகம்தான் செவலையைத் தூக்கிக்கொண்டு அவளைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"இது வைரஸும்மா. கொசு கடிச்சுத்தான் ஜாஸ்தியா பரவுது," என்றார் டாக்டரம்மா. "புகை ஏதாவது போடுவீங்களா?"

"தினம் போடுவேன். அம்மைன்னதும் நிறுத்திட்டேன்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இந்த வைரஸைக் கொல்ற மருந்து கிடையாது. இந்தக் கோழிக்குத் தொண்டை சுத்தமா இருக்கு, பொருக்கு தானா உதிரும். ஆனா கண்ணு தெரியாம பட்டினியில செத்துடும். நீங்கதான் ஊட்டணும்."

"இன்னும் ஒரு வாய்க்கு நான் ஊட்டணுமா?" என்றாள் பூவம்மாள். அழக்கூடத் தெம்பில்லை.

ஆனாலும் ஊட்டினாள். கட்டிலோரம் அமர்ந்து, செவலையை மடியில் வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கண்ணை ஒற்றி, அலகைப் பிரித்துச் சோறு வைத்தாள். அது விழுங்கியதைப் பார்த்த கன்னியப்பன் மெல்ல வாய் திறந்தார். தினமும் அப்படித்தான். ஒரு வாய் அதற்கு, ஒரு வாய் அவருக்கு.

சாயங்காலம் நொச்சிப் புகை மறுபடி எழும்பியது.

"ஆத்தா கோச்சுக்க மாட்டாளா?" என்றாள் சுகரா பேகம்.

"அவளையும் கொசு கடிக்காதாக்கா?"

ஒருநாள் பொருக்கு உதிர்ந்தது. ஒரு கண்தான் திறந்தது. அது போதுமாயிருந்தது, செவலை தட்டுத் தடுமாறிக் கட்டிலேறி அவர் நீட்டிய சோற்றைக் கொத்தியது. அவர் கண்ணோரம் நனைந்தது. பார்க்கப் பூவம்மாள் விழித்திருக்கவில்லை. தன் சோற்றைத் தொடாமலே, கட்டில் காலில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.