மூத்தாளுக்கு ஒரு காது

செத்தவ மேல பொறாமைப்படலாமான்னு கேட்டா, தாராளமா படலாம். நான் இன்னிக்கு வரைக்கும் பட்டுக்கினுதான் இருக்கேன்.

எங்க வீட்டுக்காரருக்கு நான் ரெண்டாம் தாரம். மூத்தவ ஜுரத்துல போயிட்டா, அப்பதான் நடை பழகின பொண்ணு ஒண்ண விட்டுட்டு. நான் பழவேற்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தன்னிக்கு, கூடத்துல மாட்டியிருந்த அவ போட்டோதான் என்ன மேலயும் கீழயும் பாத்துச்சு. மீன் கொழம்பு வெச்சா, "எங்க அண்ணி வெப்பா பாரு ஒரு கொழம்பு"ன்னு நாத்தனார் ஆரம்பிச்சிடுவாங்க. செத்தவ கொழம்புல என்னிக்காவது உப்பு கூடியிருக்கா? கூடவே கூடாது.

பொண்ணு என்ன சித்தின்னுதான் கூப்புடும். பகல்ல கிட்டவே வராது. ஆனா ராத்திரி பாயில படுத்தா கை தானா நீளும். என் இடது காது மடலப் புடிச்சிக்கினாத்தான் அதுக்குத் தூக்கம். என் காது மடல் தொங்காது, கன்னத்தோட ஒட்டிக்கினு இருக்கும். புடிக்கப் புடிக்க வழுக்கும், மறுபடியும் அந்தச் சின்ன விரல் தேடும். அந்த வீட்டுல எனக்கே எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் பழக்கம் விட்டுப்போச்சு. எனக்குத்தான் கொஞ்ச நாள் தூக்கம் வரல.

பொன்னேரியில ஒரு ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர் வேலை எனக்கு. கிழிஞ்சது, பூஞ்சை புடிச்சது, தண்ணியில ஊறுனதுன்னு பழைய போட்டோவெல்லாம் என் கிட்டதான் வரும். வெறும் உடம்போட நிக்கிற பெருசுக்கு சட்டை மாட்டி உடுவேன். தாலி கட்டும்போது கண்ண மூடிக்கின மாப்பிள்ளைக்கு கண்ணத் தொறந்து உடுவேன்.

போன வருஷம் பொண்ணுக்குக் கல்யாணம் குதிர்ந்துச்சு. எங்க பக்கத்துல கல்யாணத்துக்கு முன்னால, பூவும் பொட்டுமா செத்துப்போன வீட்டுப் பொம்பளைக்குப் புதுச் சேலை, பூ, வளையல் வெச்சுப் படைக்கணும். பூவாடைக்காரின்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல அது வேற யாரு, அவதான். படைக்க வேண்டியது இளையவ நான்.

"அம்மா போட்டோவ நல்லா பண்ணிக் குடு சித்தி, படையலுக்குப் பெருசா வெக்கணும்"ன்னு பொண்ணு கேட்டுச்சு. அதுவரைக்கும் அது என் கிட்ட ஒண்ணு வேணும்னு வாய் விட்டுக் கேட்டதே இல்ல. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?

பொயலுக்கு வீட்டுக்குள்ள தண்ணி பூந்தப்போ அந்தப் போட்டோ நனைஞ்சு கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. அப்படி ஒட்டினதப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோட சேத்துதான் படம் புடிக்கணும். எனக்கு முன்னால நாத்தனார் கை வெச்சுட்டாங்க. வெடுக்குன்னு பிச்சதுல இடது கன்னமும் காதும் கண்ணாடியோட போச்சு.

உக்காந்தேன். திரை முழுக்க அவ மூஞ்சி. கறையெல்லாம் தொடச்சு, புள்ளி புள்ளியா என் கையாலயே அவள அழகு பண்ணேன். இந்தக் கொடுமைய யார் கிட்ட போய் சொல்றது? வலது கன்னத்த எடுத்து இடது கன்னத்த ரொப்பிட்டேன். காதுக்குத்தான் வழியில்ல. மூஞ்சிய லேசாத் திருப்பிக்கினு இருந்ததால வலது பக்கத்துக் காது தெரியவே இல்ல. வேற போட்டோவும் கெடையாது. இத்தினி வருஷம் கூடத்துல அந்த மூஞ்சியப் பாத்தும், காது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு நெனப்பு இல்ல. இப்படி வந்தா ரத்த உறவுல யார் காதையாவது எடுப்போம். பொண்ணுக்கோ அப்படியே அவங்க நைனா காது, மொறம் மாதிரி.

வீட்டுக்கு வந்து, வலை தெச்சிக்கினு இருந்த எங்க வீட்டுக்காரரு கிட்ட போயி, "மூத்தவ காது எப்படி இருக்கும்யா?"ன்னு கேட்டேன்.

கை நின்னுச்சு. வலை ஊசியால தலையச் சொறிஞ்சாரு. "காது மாதிரிதான்மே இருக்கும். இன்னாத்துக்குக் கேக்கற?"

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. மனசுக்குள்ள குத்தாட்டமே போட்டேன். மறுநாள் வேலைக்குப் போற பஸ்ஸுல திருப்பாலைவனம் தாண்டும்போதுதான் உறைச்சுச்சு. நாளைக்கு நான் போயிட்டா என் காதையும் இந்த ஆளு இப்படித்தான் மறந்து தொலைப்பாரு.

யாரோ ஒரு அம்மாவோட காத எடுத்து வெச்சுப் பாத்தேன். ஒட்டல. கடைசியில நானே நாற்காலியில உக்காந்து, மூஞ்சிய அவள மாதிரி திருப்பி, என்னயே படம் புடிச்சுக்கினேன். என் காத வெட்டி அவ மூஞ்சியில வெச்சா, பாவி, அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. ஓரம் தெரியாம இழைச்சு முடிச்சேன்.

படையலன்னிக்கு வீடு முழுக்க சொந்தம். மாலைய நான்தான் போட்டேன். பொண்ணு வந்து நின்னு பாத்துச்சு, பாத்துச்சு, அப்படியே பாத்துக்கினே இருந்துச்சு. அப்புறம் விரல நீட்டி அந்தக் காதத் தொட்டுச்சு.

"சித்தி, எனக்கு அம்மா ஞாபகமே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இருக்கு சித்தி. இந்தக் காதப் புடிச்சிக்கினுதான் நான் தூங்குவேன். வழுக்கிக்கினே இருக்கும்."

நாத்தனார் ஓன்னு அழுதாங்க. பொண்ணு அழுதுக்கினே சிரிச்சுச்சு. அது மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்த நான் வளத்த இத்தினி வருஷத்துல பாத்ததே இல்ல.

அடியே, அது என் காதுடி! பல்லு வரைக்கும் வந்துடுச்சு. வயிறு பத்திக்கினு எரிஞ்சுச்சு. எனக்குன்னு இருந்த ஒண்ணையும் நானே வெட்டி எடுத்து அவளுக்கு ஒட்டிக் குடுத்துட்டேனே.

"ஆமாம்மா, உங்க அம்மா காதுதான்"னேன்.

முந்தானைய இழுத்து ரெண்டு காதையும் மூடிக்கினு கற்பூரம் ஏத்தினேன். மொதல்ல இளையவதான் விழுந்து கும்புடணும்னு நாத்தனார் சொன்னாங்க. விழுந்து கும்புட்டேன்.