சட்டியிடம் சொன்னது

எங்கள் சபையில் பத்தொன்பது வருடமாகச் சமையல் தலைவர் அமானி பிஸ்தோக். பிஸ்தோக்கின் அப்பா என்று அர்த்தம். மூத்த பிள்ளை பிறந்துவிட்டால் அதற்குப் பிறகு ஆளைப் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். கல்யாணம், சாவு, அறுப்புப் பண்டிகை எதுவானாலும் காலை நான்கு மணிக்குச் சபைக் கொட்டகையில் அடுப்பை மூட்டுவது அவர். பன்றிக்கறியைப் பொடியாக நறுக்கி, இரத்தம் விட்டு அவர் கிளறும் சக்சாங், எங்கள் ஏரியின் தென்கரை முழுக்கப் பேர் வாங்கியது. பேச்சு குறைவு. 'விறகு' என்றால் ஒரு வாக்கியம். 'விறகு' என்று இரண்டாவது முறை சொன்னால் அது திட்டு.

மூன்று வருடமாக அந்தச் சக்சாங் உப்புக் கரித்தது. அவருடைய நாக்கு மங்கிவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. விருந்து நாளில் தண்ணீர்ப் பானையை இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது. நல்ல பசி போல என்று அவர் எடுத்துக்கொண்டார். வெளியூர் விருந்தாளிகள் கண்ணில் நீர் வந்தால், நாக்கை மரக்கச் செய்யும் எங்கள் அந்தாலிமான் மிளகின் மேல் பழியைப் போட்டார்கள்.

மூப்பர்கள் கூடினார்கள். சபையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா வருகிறது, தொள்ளாயிரம் பேர் சாப்பிடுவார்கள், அன்றும் உப்புக் கரித்தால் தலைமையை அமானி ஜோங்கியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவானது. எங்கள் மலைச்சரிவில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான், எனவே சபையின் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது. தீர்மானத்தை எழுதினேன். அவரிடம் யார் சொல்வது என்பது தீர்மானத்தில் இல்லை.

"எனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் அமானி ஜோங்கி. சமையல் குழுவில் கறி நறுக்குபவர் அவர். "இருவது வருசம் கத்தி புடிச்சிட்டேன். கரண்டி புடிச்சா அந்தாளு என்னையும் சேத்து நறுக்கிருவாரு."

இந்த நேரத்தில்தான் புதிய போதகர், எங்கள் பேச்சில் பாண்டித்தா, வந்தார். நியாஸ் தீவுக்காரர். ஒரே குடும்பங்கள் ஒரே வேலையைப் பிடித்துவைத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சீட்டுப் போட்டு ஒவ்வொரு குழுவிலும் ஒரு புது ஆளைக் கலந்தார். பன்னிரண்டாம் அப்போஸ்தலனையே சீட்டுப் போட்டு எடுத்ததாக வேதத்தில் இருப்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. சமையல் குழுவுக்கு வந்த சீட்டில் ரொதுவா என்று இருந்தது.

ரொதுவா, பிஸ்தோக்கின் மனைவி; அமானி பிஸ்தோக்குக்கு மருமகள். மேடான் நகரச் சந்தையில் ஆறு வருடம் சோற்றுக்கடை நடத்தியவள். கல்யாணமாகி எட்டு மாதம். எங்களில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக்கூடாது. கைக்குக் கை ஒன்றைக் கொடுத்து வாங்கக்கூடாது. பகை கிடையாது, மரியாதைதான். வீட்டில் மாமியார் நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சொல்வார். கொட்டகையில் மாமியார் கிடையாது. அவர் பாடகர் குழுவில்.

போதகர் இன்னொரு ஏற்பாடும் செய்தார். வியாழன்தோறும் குழு கூட வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஜோடியின் முகத்தைப் பார்த்து ஒரு நல்லதும் ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஜோடிக்கும் சீட்டுத்தான். அமானி பிஸ்தோக்குக்கு ரொதுவா வந்தாள்.

முதல் வியாழன் அவர் கூரையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எதாவது பேசுங்க அமாங்," என்றார் போதகர். அமாங் என்றால் ஐயா.

அமானி பிஸ்தோக் யோசித்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பெரிய சட்டியின் பக்கம் திரும்பினார். "ஏ சட்டி. வெங்காயம் நல்லா உரிக்கிறாங்க. ஆனா ரொம்ப மெதுவு."

ரொதுவாவும் சட்டியிடமே சொன்னாள்: "ஏ சட்டி. அடுப்பு எரிக்கிறதுல அவுங்கள அடிச்சிக்க ஆளில்ல. ஆனா விறகுன்னா எந்த விறகுன்னு சொல்லணும்."

"முகத்தப் பாத்துல்ல சொல்லணும்?" என்றார் போதகர்.

"சட்டிக்கும் மூஞ்சி இருக்குது பாண்டித்தா," என்றார் அமானி ஜோங்கி. "கரி அப்பியிருக்கு, அவ்வளவுதான்."

போதகர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் தீவில் இது எப்படியோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் தூணிடமும் தட்டிடமும் பேசிச் சமாளித்தவர்கள் உண்டு. மற்ற ஜோடிகள் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். எல்லாரும் எல்லாரையும் நல்லவர் என்றார்கள். குறை ஒன்றும் இல்லை என்றார்கள். உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

விழா நாள். ஏழு சட்டி ஏறியது. கணக்கு எழுத நானும் கொட்டகையில் இருந்தேன். உள்ளே ஆராதனை நடக்கும்போது அமானி பிஸ்தோக் முதல் சட்டிக்கு உப்புப் போட்டார். கிளறினார். ருசி பார்த்தார். மறுபடி உப்பில் கை வைத்தார். ரொதுவா குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அமானி ஜோங்கி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தீர்மானத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் விறகை எண்ணத் தொடங்கினோம்.

"ஏ சட்டி," என்றாள் ரொதுவா. "உனக்கு உப்பு போதும்."

அவர் கை நின்றது.

"ஏ சட்டி," என்றார் அவர், "இது பத்தொம்பது வருசக் கை."

"கைக்கு ஒண்ணுமில்ல சட்டி. நாக்குதான். நான் கல்யாணத்தன்னிக்கு என் பந்தியிலயே மூணு செம்பு தண்ணி குடிச்சேன். எங்கம்மா நாலு."

பாடகர் குழு உள்ளே இரண்டாம் பாட்டை முடித்தது. அவர் அமானி ஜோங்கியின் பக்கம் திரும்பினார்.

"ஜோங்கி. நெசமா?"

"நானா?" என்றார் அமானி ஜோங்கி. "நான் கறி நறுக்குறவன்." பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மூணு வருசம்," என்றார்.

"நீ ஏன் சொல்லல?"

"உன் மூஞ்சியப் பாத்து எவன் சொல்லுவான்?"

அமானி பிஸ்தோக் உப்பு வாளியைக் கொண்டுபோய் ரொதுவாவுக்கும் தமக்கும் நடுவில் தரையில் வைத்தார். நான்கு எட்டுப் பின்வாங்கி நின்றார். அவள் குனிந்து எடுத்தாள். முதல் சட்டியில் உப்பில்லாத கறியை இரண்டு வாளி கொட்டச் சொன்னாள், சட்டியிடம்தான். அவர் கொண்டுவந்து கொட்டினார். மீதி ஆறு சட்டிக்கும் அவள் உப்புப் போட, அவர் தீயைப் பார்த்துக்கொண்டார்.

தொள்ளாயிரம் பேர் சாப்பிட்டார்கள். தண்ணீர்ப் பானையில் பாதி மிஞ்சியது. கறி மிஞ்சவில்லை. மூப்பர்கள் விரலைச் சூப்பிக்கொண்டே வெளியே போனார்கள். தீர்மானத்தைக் கோடு போட்டு அடித்துவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அமானி பிஸ்தோக் என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாத அறுப்புப் பண்டிகைக்கு ஆள் பட்டியல் எழுதச் சொன்னார். தலைவர் என்று அவர் பெயரை எழுதினேன். நறுக்குவது, அமானி ஜோங்கி.

"கீழ எழுது," என்றார். "உப்பு, ரொதுவா."

உப்புக்கென்று தனிப் பதவி எங்கள் சபையில் அதுவரை இருந்ததில்லை. எழுதி, முத்திரை வைத்து, ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒட்டினேன்.