பக்கவழி திரும்பி வந்த இடம்

2009 நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. மண்ணரைப் பகுதியில் பெருமழை நின்று தூறிக்கொண்டிருந்தது. துவைத்து அளந்த இருபது பனியன்களில் எட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. கட்டிங் யூனிட் முதலாளியம்மா அவற்றை மேசையில் பரப்பிவிட்டு, தென்காசிக்காரரான கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் தாள்ல இருந்த நீளத்துக்குத்தாம்மா வெட்டுனேன்" என்றார் மாஸ்டர்.

"அந்தக் கணக்க சார் நாப்பது தடவ கையால போட்டுப் பாத்திருக்காருங்க மாஸ்டர். உங்க டேப்புக்கு வயசாயிருச்சோ என்னமோ" என்றார் முதலாளியம்மா.

சுற்றி நின்ற வேலைக்காரர்கள் சிரித்தார்கள். சார் என்றது, மேசையருகே நின்ற என்னை. நாற்பது தடவை என்று பெருமையடித்தவனே நான்தான்.

முப்பத்தொரு ஆண்டு கணிதம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, அந்தத் தாளைத் தரும் கணினி நிரலை இந்த யூனிட்டுக்காக எழுதினேன். துணி எவ்வளவு சுருங்கும் என்பதைச் சேர்த்து, ஒவ்வொரு துணி ரோலையும் எந்த நீளத்தில் வெட்டினால் மிச்சம் குறையும் என்று ஆயிரக்கணக்கான முறை சுற்றிச் சுற்றிக் கணக்கிடும். அதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குவதோ ஏழு நிமிடம். அதனால் நிரலை வேகமாக ஓட்ட ஒரு கம்பைலரும் எழுதினேன். அது அந்தச் சுழற்சியின் ஒரு சுற்றைக் கவனித்து, கணக்கு சென்ற பாதையை அப்போதே இயந்திர மொழியாக மாற்றும். அந்தப் பாதையில் மாறாத எண்ணைச் சுழற்சிக்கு முன்பு ஒரே தடவை படித்து வைத்துக்கொள்ளும். சுருக்க விகிதம் அப்படிப்பட்ட எண். பதினோரு நிமிடம் இரண்டானது.

இந்த ஆர்டரில் ஒரே நிறத் துணி இரண்டு சாயப்பட்டறைகளிலிருந்து வந்திருந்தது. முதல் பட்டறைத் துணி நூற்றுக்கு நான்கு சுருங்கும், இரண்டாவது ஆறு. பட்டறை மாறும்போது கணக்கு ஒரு பக்கவழியில் இறங்கி விகிதத்தை மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். மாற்றவும் செய்தது. ஆனால் நேரம் மிச்சம் பிடிக்க, அந்தப் பக்கவழி சுழற்சிக்கு முன்பு விகிதத்தைப் படிக்கும் இடத்துக்கு வராமல் அதைத் தாண்டி நடுச்சுழற்சியில் வந்து சேரும்படி வைத்திருந்தேன். ஆகவே இரண்டாவது பட்டறைத் துணிக்கும் பழைய நான்கே ஓடியது. என் நாற்பது சோதனைகளும் ஒரே பட்டறைத் துணி.

மேசையருகே நிற்கும்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. உறுதியாகாமல் சொல்லக்கூடாது என்று வீட்டுக்குப் போய், கம்பைலரை அணைத்துவிட்டு மெதுவான வழியில் ஓட்டி, தாளிலும் போட்டு ஒப்பிட்டேன். முப்பத்தைந்து ரோல்களில் பதினான்கு தப்பு. புதன்கிழமை காலை அந்தத் தாளோடு போனேன். செவ்வாயன்றே மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

முதலாளியம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "திங்கக்கெழமையே சந்தேகம் இருந்துச்சுங்களா?"

"இருந்தது."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டனுங்களே சார்."

அவரே மாஸ்டருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். மாஸ்டர் வேலைக்குத் திரும்பி வர மறுத்து, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"கணக்கு தப்பாப் போகும் சார், அது பெரிசில்ல. நீங்க அங்கனதான நின்னிய?"

அதோடு போனை வைத்துவிட்டார்.

பக்கவழியை விகிதம் படிக்கும் இடத்துக்கே திருப்பிவிட்டேன். இப்போது பன்னிரண்டு விநாடி கூடுதலாகிறது. குட்டைப் பனியன்கள் ஆயிரத்து அறுநூற்று முப்பத்து நான்கு. செகண்ட்ஸ் என்று குறைந்த விலைக்கு விற்றது போக, ஒன்றுக்கு நாற்பத்தெட்டு ரூபாய் நட்டம். அதை நான் தருகிறேன் என்றேன்; வேண்டாமென்று முதலாளியம்மா சொல்லவில்லை. நான் கொடுத்தது எழுபத்தெட்டாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு ரூபாய்.