கலஹா பஸ்ஸில் சமச்சீர் முறிந்தது

விதிகள் எல்லாத் திசைகளையும் சமமாக நடத்தும்போது, சமச்சீர் முறிந்த கணத்தில் பிரபஞ்சம் ஏன் ஒரு திசையை மட்டும் தேர்ந்தது? எனக்குத் தெரியாது.

நாளை ஒரு கருத்தரங்கில் இதை உயர்தர வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும்.

"இங்கிலீஷ்லயே பேசிருங்க மிஸ், தமிழ்ல ஒண்ணும் வெளங்காது" என்கிறார் ஏற்பாட்டாளர்.

இன்று பேராதனையில் கலஹா போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எந்த வாசல் எதிரே வந்து நிற்கும் என்று தெரியாததால் எல்லோரும் நடுவில் நின்றோம். பஸ் தெரிந்ததும், தரையில் வைத்திருந்த குடையை எடுக்க நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். கூட்டம் முழுவதும் பின்வாசலுக்கு ஓடியது.

"நீங்க போனதப் பாத்துத்தான் நாங்களும் வந்தோம் மிஸ். முன்வாசல் காலியா கெடக்கு!" என்றார் நெரிபட்ட ஒரு பெண்.

உதாரணம் கிடைத்துவிட்டது. தமிழில்தான் பேசுவேன்.

மறுநாள் சேர்த்தது: தமிழில்தான் பேசினேன். முதல் கேள்வி ஏற்பாட்டாளருடையது.

"அப்ப பிரபஞ்சத்துல குடைய எடுத்தது யாரு மிஸ்?"

தெரிந்தவர்கள் கீழே எழுதலாம்.